சொந்தமாகக் கார் கட்டுகிறவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

பழைய கார்களை வாங்கி, தம் கையாலேயே வேகக் கார்களாக மாற்றிக்கொள்ளும் இளைஞர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருப்பதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் ‘இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே இருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

*

கேள்வி: என் மகனுக்கு இருபத்தொன்பது வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நல்ல சம்பளத்தில் வேலை செய்கிறான். பழைய மாருதி 800 ஒன்றை வாங்கி வந்து எங்கள் மாந்தோப்புக் கொட்டகையில் நிறுத்தி, விடுமுறை நாள் முழுவதையும் அதற்கு அடியில் படுத்தே கழிக்கிறான். இன்ஜினை இறக்கிவிட்டான், பின் இருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டான். இதுவரை செலவழித்த பணத்துக்கு ஓடுகிற நிலையில் ஒரு நல்ல காரையே வாங்கியிருக்கலாம். சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இவர்களெல்லாம் எதற்காக இப்படிச் செய்கிறார்கள்?
– ஒரு தாய், காவேரிப்பட்டணம்

பதில்: அம்மா, உங்கள் கணக்கு சரியானதுதான். மாற்றியமைத்த காருக்குச் சந்தையில் மாற்றாத காரைவிடக் குறைந்த விலைதான் கிடைக்கும். உழைத்த நேரத்துக்கோ யாரும் ஒரு ரூபாய்கூடத் தரப்போவதில்லை. இது உங்கள் மகனுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் செய்கிறார் என்றால், அந்தப் பணத்தைக் கொடுத்து அவர் பெறுவது கார் மட்டும் அன்று என்று எடுத்துக்கொண்டு யோசிப்பதே பொருத்தமாக இருக்கும்.

அவருடைய வேலையிலிருந்து தொடங்குவோம். அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார் போன்ற பெரிய ஆலைகளையும், அவற்றுக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுக்கும் எண்ணற்ற சிறு ஆலைகளையும் நம்பி நம் இரண்டு மாவட்டங்களின் இளைஞர்கள் ஓசூருக்குப் போய் வருகிறார்கள். அங்கே கணினி இயக்கும் சி.என்.சி. கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவர், ஒரு ஷிப்ட் முழுவதும் ஒரே மாதிரியான வார்ப்புகளில் ஒரே துளையைக் கடைந்து, மைக்ரோமீட்டரால் அளந்து பார்த்து, அடுத்த மேசைக்கு அனுப்பிவிடுகிறார். அந்தத் துளைக்குள் எந்த ஷாஃப்ட் போகப்போகிறது, அது எந்த வண்டியை எந்த மேட்டில் ஏற்றப்போகிறது என்பதெல்லாம் அவர் கண்ணுக்கு எட்டுவதே இல்லை. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடிக்கத் தெரிந்த கைக்கு, ஒரு முழுப் பொருளைத் தொடங்கி முடித்துப் பார்க்கும் வாய்ப்பு மட்டும் வாய்ப்பதில்லை. உங்கள் கொட்டகையில் நிற்கும் கார் அந்த வாய்ப்பைத் தருகிறது என்று நினைக்கிறேன். எந்த இன்ஜின், எந்த கியர் விகிதம், எந்த டயர் என்று தீர்மானிப்பவரும் அவரே. தவறு நேர்ந்தால் அதை இன்னொரு பிரிவின் தலையில் கட்ட முடியாமல் மீண்டும் பிரித்துப் பார்க்க வேண்டியவரும் அவரே. ஒரு தனி மனிதன் தன் வீட்டுக் கொட்டகையில் வைத்துக்கொண்டு முடித்துவிடக்கூடிய மிகப் பெரிய, மிகச் சிக்கலான பொருள் எதுவென்று கேட்டால், இன்றைய நிலையில் அது பெரும்பாலும் ஒரு காராகத்தான் இருக்கும்.

இந்த வேலையில் இன்னொரு கவர்ச்சி, அதன் தீர்ப்பு நேர்மையானது என்பது. அலுவலகத்தில் ஆண்டிறுதி மதிப்பெண் மேலாளரின் மனநிலையைப் பொறுத்து ஏறும், இறங்கும். இன்ஜினிடம் அந்தப் பேச்சு செல்லாது. வால்வுகள் திறந்து மூடும் நேரம் சரியாக இருந்தால் அது ஓடும், இல்லையென்றால் ஓடாது. இன்ஜினின் மேல்பகுதிக்கு அடியில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சரியாக உட்காரவைக்காவிட்டால் சிபாரிசு எதுவும் தண்ணீர்க் கசிவை நிறுத்தாது. இப்படிப்பட்ட தீர்ப்புக்குப் பழகியவர்கள், தோல்வியைக்கூட ஒருவகை மரியாதையோடு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பட்டறைகளில் கவனித்திருக்கிறேன்.

பணமும் ஒரு காரணமே. ஆனால் நீங்கள் நினைக்கும் திசையில் அன்று. தொழிற்சாலையிலிருந்தே வேகக் காராக வெளிவருவதன் விலை, மாதச் சம்பளக்காரர் கனவிலும் நெருங்க முடியாதது. பழைய மாருதி 800-இல் அதே நிறுவனத்தின் எஸ்டீம் காருடைய 1,300 சி.சி. இன்ஜினைப் பொருத்துவது இந்தியாவில் பல ஆண்டுகளாக அறியப்பட்ட வழி. ஏறத்தாழ 37 குதிரைத்திறன் கொண்ட காரில், பிந்தைய எஸ்டீம் மாடல்களின் 85 குதிரைத்திறன் இன்ஜின் உட்கார்ந்துவிடுகிறது. மொத்தச் செலவைச் சேர்த்துப் பார்த்தால் பெரிதாகத் தோன்றினாலும், அது மாதம் கொஞ்சமாக, உதிரிபாகம் உதிரிபாகமாக, தீபாவளி போனஸில் ஒரு பங்காகக் கரைகிற பணம். ஒரே தவணையில் எட்டாத ஒன்றைத் தன் உழைப்பைக் கொண்டு எட்டிப் பிடிக்கும் வழியாகவே பலர் இதைத் தொடங்குகிறார்கள். தொடங்கிய காரணம் பிறகு மறந்துபோய், வேலையே பிடித்துப்போகிறது.

பெருமை இல்லையா என்றால், இருக்கிறது. அதை ஒளிக்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் எருது விடும் விழாவுக்குக் காளை வளர்ப்பவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காளை ஏர் உழுவதில்லை, வண்டி இழுப்பதில்லை. குறித்த தூரத்தைச் சில நொடிகளில் கடப்பதற்காகவே ஆண்டு முழுவதும் பருத்திக்கொட்டையும் பராமரிப்பும் பெறுகிறது. பரிசுத் தொகை தீவனச் செலவுக்குக் காணுமா என்று அந்த வீட்டில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, ஏனென்றால் ஓடுவது காளையானாலும் ஊரார் வாயில் விழுவது வளர்த்தவரின் பெயர். உங்கள் மகனின் நண்பர்கள் வட்டத்தில் அந்தக் கார் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. கடையில் வாங்கிய கார், எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், செய்தவரின் பெயரைச் சொல்லுமே தவிர வாங்கியவரின் பெயரைச் சொல்லாது.

ஆராய்ச்சியாளர்களும் இதன் ஒரு பகுதியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சோன், டேன் ஏரியலி ஆகிய மூவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தம் கையால் பொருத்திய எளிய பெட்டிக்கும், மடித்த காகித உருவத்துக்கும் மக்கள் அளவுக்கு மீறிய மதிப்பைக் கொடுப்பது தெரியவந்தது. அதே ஆய்வு சொல்லும் இன்னொரு செய்திதான் உங்கள் வீட்டுக்குத் தேவையானது: வேலையை முடிக்காமல் விட்டவர்களிடமும், செய்ததைப் பிரித்துப் போட்டவர்களிடமும் அந்த மதிப்பு மறைந்துபோனது. கார் கட்டும் பொழுதுபோக்கின் உண்மையான ஆபத்து செலவு அன்று, முடியாமல் கிடப்பது. பாதியில் நின்ற கார் அதன் உரிமையாளரை ஒவ்வொரு நாளும் குற்றம் சாட்டிக்கொண்டே இருக்கும், வீட்டிலும் சண்டையை வளர்க்கும்.

எனவே, ஏன் செய்கிறாய் என்று கேட்பதைவிட, எப்போது முடியும், முடிந்தபின் எங்கே ஓட்டப்போகிறாய் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவரிடம் ஒரு திட்டம் இருந்தால் நல்லது. இரண்டாவதற்கு அவர் சொல்லும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். அதைப் பற்றிக் கீழே வேறொரு வாசகருக்கு எழுதியிருக்கிறேன். இன்னொன்றையும் நீங்கள் தாய் என்ற முறையில் கட்டாயப்படுத்தலாம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளை நான்கு மூலையிலும் கொடுத்த பிறகே படுக்க வேண்டும்; கொட்டகைத் தரை மண்ணாக இருந்தால் ஸ்டாண்டு புதையாமல் இருக்கத் தடித்த பலகையோ இரும்புத் தகடோ அடியில் வைக்க வேண்டும். சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். விடுமுறை நாளில் மகன் எங்கே இருக்கிறான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய தாய்மார்கள் இந்தக் காலத்தில் எத்தனை பேர்?

*

கேள்வி: இது மேல்நாட்டுப் பணக்காரர்களின் விளையாட்டு. நம் மண்ணில் இதற்கு வேர் ஏதும் இல்லை என்பது என் கருத்து. தங்கள் கருத்து என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தருமபுரி

பதில்: ஐயா, இரண்டு பாதியிலும் உங்களோடு மாறுபடுகிறேன்.

மேல்நாட்டில் இது பணக்காரர்களிடம் தொடங்கவில்லை. அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியாவில், 1930-களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில், கையில் காசில்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டு மாடல் டி கார்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மட்கார்டு, பானெட், கூரை என்று கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றி எறிந்து, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1932-இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் இன்ஜினைச் சாதாரண விலைக் காரில் வைத்து விற்றதும், சில ஆண்டுகளில் அந்த இன்ஜின்கள் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அதன்பின் இந்தப் பழக்கத்தை நிறுத்த ஆளில்லை. 1937-இல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் பலர் ராணுவத்தில் இயந்திர வேலை கற்றிருந்ததால், போருக்குப் பின் அது நாடெங்கும் பரவியது. தெருக்களில் நடந்த போட்டிகளை ஒழுங்கான தளங்களுக்குக் கொண்டுவரவே 1951-இல் தேசிய அளவிலான சங்கம் ஒன்று தோன்றியது.

பிரிட்டனில் இதற்கு வரிச் சட்டம் ஒரு காரணமாயிற்று என்பது வேடிக்கை. முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, உதிரிபாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் இல்லை. பழைய ஆஸ்டின் செவன் காரை மாற்றி 1948-இல் தன் முதல் காரைக் கட்டிய காலின் சாப்மன், பிறகு லோட்டஸ் நிறுவனத்தை நிறுவி, 1957-இல் வெளியிட்ட லோட்டஸ் செவன் காரை இப்படிப் பெட்டியில் போட்டும் விற்றார். வரிச் சலுகையைக் கருதித் தொடங்கியவர்கள் பலர், வரி 1973-இல் மாறிய பிறகும் பூட்டுவதை விடவில்லை. அந்த வடிவக் காரை கேட்டர்ஹாம் என்ற நிறுவனம் இன்றளவும் தயாரிக்கிறது, அதைப் பாகங்களாக வாங்கிப் பூட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். மனிதர்களை இதற்குள் இழுக்கும் காரணமும் தங்கவைக்கும் காரணமும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் மண்ணுக்கு வருவோம். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டித்தான் இயந்திரம் கற்றார். அம்பாசடரும் ஃபியட்டும் தவிர வேறு கார் கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்கு, நம் ஆட்கள் அந்தக் கார்களையே கடைந்தும் இழைத்தும் வேகப்படுத்திக் கொண்டுவந்தார்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் குறைந்த செலவில் இங்கேயே கட்டிக் காட்டினார். அந்த வகைப் பந்தயத்தில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தளம் அவர் பெயரையே தாங்குகிறது.

இவை பெயர் தெரிந்தவர்களின் கதைகள். பெயர் தெரியாதவர்களின் கதை நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்களும், திருச்செங்கோட்டில் லாரியின் அடிச்சட்டமான சேசியின்மேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கை ஏற்றுகிறவர்களும் நம் அண்டை ஊர்க்காரர்கள். சேசி மட்டுமாக வரும் வண்டியைத் தமக்கு வேண்டியபடி முடித்துக்கொள்வது இந்த வட்டாரத்துக்குப் புதியது அன்று. பிழைப்புக்காகச் செய்ததைப் பொழுதுபோக்காகச் செய்வதுதான் புதியது.

*

கேள்வி: சைலன்சரை மாற்றி, பெரிய ஏர் ஃபில்டர் போட்டால் காரின் சக்தி கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சத்தம் கூடியிருக்கிறது, வேகம் கூடியதாகத் தெரியவில்லை. உண்மையில் எதைச் செய்தால் கார் வேகமாகும்?
– பர்கூர் வாசகர்

பதில்: உங்கள் காது உங்களை ஏமாற்றவில்லை, நண்பர்களைத்தான் ஏமாற்றுகிறது.

பெட்ரோல் இன்ஜினில் ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆகவே சக்தியைக் கூட்டுவதென்றால், ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகக் காற்றை உள்ளே செலுத்தி, அதற்கேற்ற எரிபொருளைக் கொடுத்து, எரிந்த புகையைத் தடையின்றி வெளியேற்ற வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால் பெரிய பயன் இராது. வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம் ஷாஃப்ட், வால்வுத் துளைகள், எரிபொருள் அளவு, தீப்பொறி விழும் நேரம் எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தவை. சைலன்சரை மட்டும் மாற்றியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சத்தமே.

வேகம் என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நின்ற இடத்திலிருந்து விரைவாகக் கிளம்புவதற்கு எடையைக் குறைப்பதே மலிவான வழி. எடையில் பத்து சதவீதத்தைக் குறைப்பது, சக்தியைப் பதினொரு சதவீதம் கூட்டுவதற்குச் சமம். சுமார் 650 கிலோ எடையுள்ள மாருதி 800-இல் 65 கிலோவைக் கழித்தால், 37 குதிரைத்திறன் 41 ஆனதுபோல் இழுக்கும். உச்ச வேகத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே எதிரி காற்று. காற்றை எதிர்த்துச் செல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்வதால், இரு மடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு சக்தி வேண்டும். சக்தியை இரட்டிப்பாக்கினாலும் உச்ச வேகம் கால் பங்கு அளவே உயரும் என்பதைப் புதிதாகக் கட்டத் தொடங்குகிறவர்கள் நம்ப மறுக்கிறார்கள். ஓட்டிப் பார்த்தபின் நம்புகிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னதாகச் செய்ய வேண்டியது பிரேக். வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அறுபதில் போகும் காரை நிறுத்தும் தூரத்தைவிட நூறில் போகும் காரை நிறுத்த ஏறக்குறைய 2.8 மடங்கு தூரம் வேண்டும். ஓட்டுநர் சுதாரிக்க எடுக்கும் நேரம் இதில் சேரவில்லை. மாருதி 800-இன் பன்னிரண்டு அங்குலச் சக்கரமும் அதற்குள் அடங்கும் பிரேக்கும் 37 குதிரைத்திறனுக்காகச் செய்யப்பட்டவை. இரு மடங்குக்கு மேல் சக்தியுள்ள இன்ஜினை ஏற்றிவிட்டுப் பிரேக்கைத் தொடாமல் விடுகிறவரை நான் கார் கட்டுகிறவர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒருவர் எதற்காகக் கட்டுகிறார் என்பதை அவர் முதலில் எந்தப் பாகத்துக்குப் பணம் கொடுக்கிறார் என்பதிலிருந்து பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பிரேக், சஸ்பென்ஷன், டயர் என்று தொடங்குகிறவர் காரைப் புரிந்துகொள்ள விரும்புகிறார். சைலன்சரில் தொடங்குகிறவர் தெருவின் கவனத்தை விரும்புகிறார். பின்னவர்கள் முன்னவர்களாக மாறுவதும் உண்டு. நீங்கள் கேள்வி கேட்டிருப்பதைப் பார்த்தால் அந்த வழியில் இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

*

கேள்வி: இரவு நேரத்தில் தேசிய நெடுஞ்சாலையில் காது கிழிய ஓட்டிப் போகிறவர்களும் இவர்கள்தானே? இவர்களைப் புகழ்ந்து எழுதுவது சரியா? சட்டம் என்ன சொல்கிறது?
– உணவகம் நடத்துபவர், தொப்பூர்

பதில்: அவர்களில் சிலர் இவர்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் பல மாதம் உழைத்துக் கட்டிய காரை, தொப்பூர்க் கணவாயில் சேலம் பக்கமாக இறங்கும் நீண்ட சரிவில், பாரம் ஏற்றிய லாரிகளுக்கு நடுவே சோதித்துப் பார்க்கிறவர் தன் உழைப்பையே மதிக்காதவர். அந்தச் சரிவில் நடக்கும் விபத்துகளை என்னைவிட நீங்கள் அதிகம் பார்த்திருப்பீர்கள். தொடர்ந்து மிதிக்கப்பட்டுச் சூடேறிய பிரேக் பிடிமானத்தை இழக்கும் என்பது அங்கே லாரி ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த பாடம். வேகக் காருக்கும் அதே பாடந்தான்.

சட்டம் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றுப் புத்தக விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியின்றி மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது 189-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். மாற்றத்தைத் தெரிவிக்காமல் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் வழியுண்டு. பழுதான இன்ஜினுக்குப் பதிலாக வேறு இன்ஜின் வைப்பதானாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டி அனுமதி பெற்று, ஆர்.சி.யில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே சக்தி கூட்டிய காருக்கு உரிய இடம் மூடிய பந்தயத் தளமே. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் தளம் கிருஷ்ணகிரியிலிருந்து சில மணி நேரப் பயணம். கோயம்புத்தூர்த் தளமும் எட்டாத தூரம் அன்று. காரை அங்கே லாரியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும், நுழைவுக் கட்டணமும் ஹெல்மெட்டும் வேண்டும், பரிசோதகர் திருப்பி அனுப்பினால் வாய்பேசாமல் திரும்ப வேண்டும். அந்தச் சிரமங்களை ஏற்றுக்கொள்கிறவர்கள் இரவில் உங்கள் உணவகத்தின் முன் உறுமிக்கொண்டு நிற்க மாட்டார்கள். நிற்கிறவர்களைப் பற்றிக் காவல் துறையிடம் வண்டி எண்ணோடு புகார் கொடுங்கள்; அதனால் கார் கட்டுகிறவர்கள் யாரும் வருந்த மாட்டார்கள்.

*

கேள்வி: நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. எனக்கும் கார் கட்ட ஆசை. வீட்டில் பணமும் இல்லை, பட்டறைக்குள் பெண் போவதற்குச் சம்மதமும் இல்லை. எங்கே தொடங்குவது?
– கிருஷ்ணகிரி

பதில்: உங்கள் கல்லூரியிலேயே தொடங்குங்கள். கோயம்புத்தூர் கரி பந்தயத் தளத்தில் நடைபெறும் ஃபார்முலா பாரத், கரடுமுரடான தரையில் ஓடும் வண்டிகளுக்கான பாஹா போன்ற மாணவர் போட்டிகளில், ஒரு குழு தானே வடிவமைத்துக் கட்டிய வண்டியோடுதான் கலந்துகொள்ள முடியும். ஃபார்முலா வகைப் போட்டியில் பெட்ரோல் இன்ஜினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. பணத்தைக் கொட்டிப் பெரிய சக்தியை வாங்க முடியாதபடி, குறைந்த காற்றில் யார் அதிகம் சாதிக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக வைத்த கட்டுப்பாடு அது. ஓட்டத்துக்கு மட்டுமன்றி, வடிவமைப்பை நடுவர் முன் விளக்குவதற்கும், செலவுக் கணக்கை நியாயப்படுத்துவதற்கும் மதிப்பெண் உண்டு.

உங்கள் கல்லூரியில் குழு இருந்தால், எந்தச் சிறு வேலை கொடுத்தாலும் சேருங்கள். இல்லையென்றால் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரைப் பிடியுங்கள். ஓசூரிலுள்ள சிறு ஆலைகளில் கழிவாகும் குழாய்த் துண்டும், ஓய்வு நேரத்தில் லேத்தை ஓட்டித் தரும் மனமும் கேட்டால் கிடைக்கக்கூடியவை. வீட்டாரின் தயக்கம் பட்டறை என்ற இடத்தைப் பற்றியது என்றால், கல்லூரி வளாகப் பட்டறை அதைப் பாதியாவது குறைக்கும். மீதியைக் குறைக்க, வெல்டிங் செய்யும்போது பருத்தி உடை அணியுங்கள், துப்பட்டாவும் கூந்தலும் சுழலும் இயந்திரத்தருகே போகாதபடி கட்டிக்கொள்ளுங்கள், வெல்டிங் முகக் கவசம் இல்லாமல் தீப்பொறியைப் பார்க்காதீர்கள். ஒருமுறை உங்கள் பெற்றோரை அங்கே அழைத்துச் சென்று நீங்கள் செய்த ஒரு பாகத்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள். எந்தக் காரணத்துக்காகச் செய்கிறீர்கள் என்று அதற்குப் பிறகு அவர்கள் கேட்டால், அந்தக் கேள்விக்கு உங்கள் பதில் என்னவென்று எனக்கும் எழுதுங்கள்.

*

கேள்வி: அண்ணன் பாதி கட்டிய கார் ஒன்றை விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார். ஓசூரில் மின்சார வண்டி நிறுவனத்தில் வேலை செய்யும் நான் அதை மின்சாரக் காராக மாற்றலாமா?
– ஓசூர் வாசகர்

பதில்: மாற்றலாம், ஆனால் பழைய மின்சார ஸ்கூட்டரின் மோட்டாரையும் பேட்டரியையும் எடுத்து நீங்களாகவே பூட்டிச் சாலையில் ஓட்ட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்று பெற்ற மாற்றுக் கருவித் தொகுப்பு, உங்கள் கார் மாடலுக்கென்றே ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். அதைப் பொருத்த அனுமதி பெற்றவரிடம் பொருத்தி, ஆர்.சி.யில் எரிபொருள் வகையை மாற்றிப் பதிய வேண்டும். உங்கள் காருக்கு அப்படியொரு தொகுப்பு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் அண்ணன் போன வழியிலேயே பெட்ரோல் இன்ஜினோடு முடிப்பதுதான் மிச்சம். எதுவானாலும், வேலையைத் தொடங்குமுன் அவரிடம் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; பதிவான நாளிலிருந்து பதினைந்து ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புச் சான்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகங்களை எந்தப் பெட்டியில் வைத்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. அவர் மறப்பதற்குள் அதைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.